நாற்பது ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு

மேசை மீது ஆறு பாட்டில்கள். ஆறும் ஒரே தோட்டத்தில், ஒரே இரகத் திராட்சையில் செய்த ஒயின். அறுவடை ஆண்டு மட்டும்தான் வேறு வேறு. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். கோப்பையில் இரண்டு வாய் அளவுக்குத்தான் ஊற்றுகிறார்கள். வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கிறார்கள். சுழற்றி மணம் பார்க்கிறார்கள். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிவிட்டுப் பக்கத்தில் உள்ள பாத்திரத்தில் துப்பிவிடுகிறார்கள். பிறகு எழுதுகிறார்கள்.

அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் விவசாயிகள் கூட்டமோ என்று தோன்றும். எந்த ஆண்டு பூக்கும் பருவத்தில் மழை பெய்தது, எந்த ஆண்டு பழம் தாமதமாகப் பழுத்தது, மேட்டு நிலத்துப் பழத்துக்கும் பள்ளத்துப் பழத்துக்கும் என்ன வேறுபாடு என்பதுதான் பேச்சு. ஆனால், அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள் அல்லர், வாங்கிச் சுவைப்பவர்கள்.

அமெரிக்காவின் வடமேற்கில் பசிபிக் கரையோரம் உள்ள மாநிலம் ஓரிகன். அங்குள்ள சிறு தோட்டங்களின் ஒயினை ஆண்டுதோறும் வாங்கி, நிலவறையில் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு கூடி உட்கார்ந்து இப்படி ஒப்பிட்டுச் சுவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இது மது அருந்தச் சொல்லும் கட்டுரை அல்ல. குடியால் நிலத்தை இழந்த குடும்பங்களைக் களப்பணியில் நேரில் பார்த்தவன் நான். ஆனால், ஒரு சிறு விவசாயி 'இது இந்த நிலத்தில், இந்த ஆண்டில் விளைந்தது' என்று எழுதி விற்று, அந்தச் சொல்லை நம்பி வாங்கியவர்கள் பல்லாண்டுகள் கழித்து அதைச் சோதித்துப் பார்த்த கதை இது. பயிர் எதுவானாலும் நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

3,000 குச்சிகளோடு வந்தவர்

ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கு 1960களில் பழ மரங்களுக்கும் கொட்டை வகைகளுக்கும் பெயர் பெற்ற பகுதி. ஒயின் திராட்சை என்றால் தெற்கே உள்ள கலிஃபோர்னியாதான். ஓரிகனின் வடபகுதி ஒயின் திராட்சைக்கு ஏற்றதல்ல, அங்கே குளிர் அதிகம், மழை அதிகம் என்பதே அன்றைய பொதுக் கருத்து.

டேவிட் லெட் என்ற இளைஞர் அதை ஏற்கவில்லை. பல் மருத்துவம் படிக்கப் போக இருந்தவர், கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து மனம் மாறி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் திராட்சை சாகுபடி படித்தார். பிறகு ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். பிரான்சின் பர்கண்டி பகுதியில் நூற்றாண்டுகளாக விளையும் 'பினோ நுவார்' என்ற கறுப்புத் திராட்சைதான் அவர் தேர்ந்தெடுத்த இரகம். அது வெயில் கொளுத்தும் இடத்தில் சீக்கிரம் பழுத்து மணத்தை இழந்துவிடும். பருவத்தின் கடைசியில், குளிர் தொடங்கும் வேளையில் மெல்லப் பழுத்தால்தான் அதன் மணம் முழுமையாக வரும். அப்படிப்பட்ட பருவநிலை ஓரிகனில் இருக்கிறது என்று அவர் கணித்தார்.

1965இல் சுமார் 3,000 திராட்சைக் குச்சிகளோடு ஓரிகன் வந்தார். கொர்வாலிஸ் நகருக்கு அருகே நாற்றங்காலில் அவற்றை வேர்பிடிக்க வைத்தார். அடுத்த ஆண்டு, டண்டீ குன்றுகளில் வாங்கிய நிலத்தில் மனைவி டயானாவோடு சேர்ந்து நட்டார். தோட்டத்தின் மேல்புறத்து மரத்தில் பருந்துகள் கூடு கட்டியிருந்தன. அதனால் தோட்டத்துக்கு 'ஐரி' என்று பெயர் வைத்தார்கள். பருந்துக்கூடு என்று பொருள்.

திராட்சைக் கொடி நட்டவுடன் பணம் தராது. அதிலும் ஒயின் என்றால் காய்ப்புக்கு வந்த பிறகும் பீப்பாயில் காத்திருப்பு, பாட்டிலில் காத்திருப்பு. அந்த ஆண்டுகளில் லெட் பாடப்புத்தகம் விற்கும் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். 1970இல், பக்கத்து ஊரான மெக்மின்வில்லில், முன்பு வான்கோழி இறைச்சி பதப்படுத்திய பழைய கட்டிடத்தில் ஒயின் ஆலையைத் தொடங்கினார். அந்த ஆண்டுதான் முதல் அறுவடை. அந்த ஒயின் மிகவும் வெளிறி இருந்ததால், 'வசந்த ஒயின்' என்று பெயரிட்டு விற்றார். ஐந்து ஆண்டு உழைப்பின் முதல் பலன் அது.

செம்மண்ணும் மானாவாரியும்

டண்டீ குன்றுகளின் மண்ணைப் பார்த்தால் நம் விவசாயிகளுக்கு அந்நியமாகத் தோன்றாது. சிவப்பு மண். எரிமலைக் குழம்பு இறுகி உருவான பாறை, நீண்ட காலம் மழையில் சிதைந்து உண்டான மண் அது. இரும்புச் சத்தின் ஆக்ஸைடு சிவப்பு நிறத்தைத் தருகிறது. 'ஜோரி' என்று அந்த மண் வகைக்குப் பெயர். 2011இல் ஓரிகன் சட்டமன்றம் அதை மாநிலத்தின் மண்ணாகவே அறிவித்தது. மாநிலப் பறவை, மாநில மலர் போல மாநில மண்!

நம் செம்மண்ணில் பல இடங்களில் மேல்மண் ஆழம் குறைவு. ஜோரி மண் ஆழமானது, களித்தன்மை கொண்டது. அதே வேளையில் நீரைத் தேங்கவிடாது. பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மே வரை பெய்துவிடும். கொடி வளர்ந்து காய்க்கும் கோடையில் மழை மிகக் குறைவு. ஆகவே, குளிர்காலத்தில் மண் குடித்துவைத்த நீரை வைத்தே கொடி கோடையைக் கடக்க வேண்டும். ஐரி தோட்டம் பாசனமில்லாமல் நடக்கும் தோட்டம். நம் சொல்லில் மானாவாரித் திராட்சை. வேர் ஆழமாக இறங்கினால்தான் பிழைப்பு.

ஓரிகனின் இந்தப் பகுதி வட அகலாங்கு 45 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏப்ரலில் மொட்டு வெடிக்கும், ஜூனில் பூக்கும், ஆகஸ்டில் நிறம் ஏறும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. கோடையில் பகல் நீளமானது, இரவு குளிர்ச்சியானது. இரவு வெப்பம் கூடினால் கொடி பழத்தில் உள்ள மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்த்துவிடும். குளிர்ந்த இரவில் அந்த அமிலம் தங்கும். புளிப்பு தங்கிய பழம்தான் பல்லாண்டு தாங்கும் ஒயினைத் தரும். இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மகசூல் அங்கே குறைவு. இந்தப் பள்ளத்தாக்கில் பினோ நுவார் ஏக்கருக்கு 2 முதல் 3 டன் எடுப்பது வழக்கம். காய் அதிகம் பிடித்தால் குலைகளை வெட்டித் தரையில் போட்டுவிடுகிறார்கள். எல்லாக் குலையையும் விட்டுவைத்தால் மழை தொடங்குவதற்குள் எதுவும் சரியாகப் பழுக்காது. ஒரு டன் பழத்தில் சுமார் 700 பாட்டில் கிடைக்கும். ஒரு சிறு தோட்டத்தின் மொத்தச் சரக்கே சில ஆயிரம் பாட்டில்கள்தான் என்பது இதிலிருந்து புரியும். எடையில் பிழைக்க முடியாது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் மதிப்பு வந்தால்தான் பிழைக்கலாம்.

பர்கண்டிக்காரர்களின் பக்கத்தில்

1975ஆம் ஆண்டு அறுவடையில், தோட்டத்தின் தெற்குப் பகுதிப் பழத்தை மட்டும் தனியே எடுத்து ஒரு ஒயின் செய்தார் லெட். 1979இல் பாரிஸில் 'கோ மியோ' என்ற உணவுப் பத்திரிகை பல நாட்டு ஒயின்களை வைத்து ஒரு போட்டி நடத்தியது. அதில் பினோ நுவார் பிரிவில் பர்கண்டியின் பெயர்பெற்ற ஒயின்களுக்கு இடையே இந்த ஓரிகன் ஒயினும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.

பர்கண்டியின் பெரிய ஒயின் வணிகர் ராபர்ட் ட்ரூவானுக்கு இது உறுத்தியது. 1980இல் அவரே தம் பகுதியின் சிறந்த ஒயின்களோடு மறுபோட்டி வைத்தார். ட்ரூவானின் 1959ஆம் ஆண்டு ஒயின் முதலிடம். ஐரியின் 1975ஆம் ஆண்டு ஒயின் இரண்டாமிடம். இடைவெளி 0.2 புள்ளி.

ட்ரூவான் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. 1987இல் அவர் குடும்பம் அதே டண்டீ குன்றுகளில் நிலம் வாங்கியது. அவர் மகள் வெரோனிக் அங்கே ஒயின் செய்யத் தொடங்கினார். நூற்றாண்டுப் பெருமை கொண்ட பர்கண்டிக் குடும்பம் ஒன்று தேடி வந்து நிலம் வாங்கியதற்குமேல் அந்த மண்ணுக்கு என்ன சான்று வேண்டும்?

வெளிறிய நிறத்துக்கு வந்த ஏச்சு

ஆனால், கதை அங்கே முடிந்துவிடவில்லை. பினோ நுவார் தோல் மெல்லிய திராட்சை. நிறமி குறைவு. அதில் செய்த ஒயின் இயல்பாகவே கண்ணாடி வழியே எழுத்துப் படிக்கும் அளவுக்கு வெளிர் சிவப்பாக இருக்கும். 1990களில் அமெரிக்கச் சந்தையின் சுவை மாறியது. கருஞ்சிவப்பு நிறம், இனிப்பை நினைவூட்டும் கனிந்த பழச் சுவை, கூடுதல் ஆல்கஹால் கொண்ட ஒயின்களுக்கே விமர்சகர்கள் அதிக மதிப்பெண் போட்டார்கள். பல உற்பத்தியாளர்கள் பழத்தைக் கொடியிலேயே கூடுதல் நாட்கள் விட்டு, சர்க்கரை ஏறிய பிறகு பறித்தார்கள்.

லெட் மாறவில்லை. புளிப்பு இறங்கும் முன்பே பறித்தார். அவருடைய ஒயின் நீர்த்தது, நிறமில்லாதது என்று ஏச்சு வாங்கியது. இதில் ஒரு சங்கடம் உண்டு. நெல்லிலோ கரும்பிலோ நீங்கள் செய்தது சரியா தவறா என்று அடுத்த பருவத்தில் தெரிந்துவிடும். 'என் ஒயின் இப்போது மெலிதாகத் தெரியலாம். ஆனால் இருபது ஆண்டு தாங்கும்' என்று சொல்லும் விவசாயிக்கு அதை நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு. இருபது ஆண்டு அதை யாராவது வைத்திருக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர்கள்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த சுவைஞர்கள்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

பாட்டிலில் அடைத்த பிறகும் ஒயின் மாறிக்கொண்டே இருக்கிறது. தோலிலிருந்து வந்த நிறமிகளும், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று மெல்ல இணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு மென்மையாகிறது. செந்நிறம் மெல்லச் செங்கல் நிறமாகிறது. புதுப் பழ மணம் குறைந்து, காய்ந்த இலை, காளான், மழை நனைத்த மண் போன்ற மணங்கள் எழுகின்றன. நம் வீட்டிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாக வரும் என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? சேமிப்பில் நடக்கும் வேதி மாற்றத்துக்கு மதிப்புத் தரும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

இந்த மாற்றம் நல்ல திசையில் போக, பழத்திலேயே அமிலம் போதிய அளவு இருந்திருக்க வேண்டும். அமிலம் கூடிய ஒயினில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் வளராது. ஆக்ஸிஜன் செய்யும் கேடும் மெதுவாகவே நடக்கும். வெளிர் நிறத்தை வைத்து ஆயுளைக் கணிப்பது அதனால்தான் தவறாகிறது.

சேமிப்புக்கும் விதிகள் உண்டு. நிலவறை வெப்பநிலை 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ். அந்த அளவைவிட முக்கியம், அது ஆண்டு முழுவதும் ஏறி இறங்காமல் இருப்பது. வெப்பம் கூடினால் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். குறைந்தால் காற்றை உள்ளே இழுக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதி மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே, வெப்பமான அறையில் வைத்த பாட்டில் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். பாட்டிலைப் படுக்க வைத்தால் தக்கை காயாமல் இருக்கும். அறையின் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். வெளிச்சம் கூடாது. விதைக் கிடங்கு பராமரிக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கவலைகள் எல்லாம் பழக்கமானவைதான். ஈரப்பதம் மட்டும் நேர் எதிர்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் சில பாட்டில்கள் கெட்டுப்போகும். இயற்கைத் தக்கையில் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் இருந்தால் ஒயினில் நனைந்த அட்டைப் பெட்டியின் பூஞ்சண மணம் வரும். லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும்.

12 பாட்டில், 12 சோதனை

அனுபவப்பட்ட சுவைஞர் எப்படி வாங்குகிறார்? விருப்பமான ஒயினில் ஒரு பெட்டி வாங்குகிறார். ஒரு பெட்டியில் 12 பாட்டில்கள். வாங்கிய ஆண்டில் ஒன்றைத் திறந்து குறிப்பு எழுதுகிறார். இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்று. சில ஒயின்கள் நான்கைந்து ஆண்டில் மணமே இல்லாமல் ஊமையாகிவிடும். அனுபவமில்லாதவர் கெட்டுவிட்டது என்று நினைப்பார். பழகியவர் மூடிவைத்துக் காத்திருப்பார். மேலும் சில ஆண்டுகளில் மணம் திரும்பும். உச்சத்தைத் தொட்ட ஆண்டு எது, இறங்கத் தொடங்கிய ஆண்டு எது என்று அவருடைய நோட்டு சொல்லிவிடும்.

உழவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது நன்றாகத் தெரிந்த ஒன்றுதான். நாங்கள் இதைச் சேமிப்பு ஆய்வு என்போம். ஒரே மாதிரியான மாதிரிகளைக் குறித்த இடைவெளியில் திறந்து பார்ப்பது. சுவைஞர்கள் கூடும்போது இரண்டு வகையாக ஒப்பிடுகிறார்கள். ஒரே தோட்டத்தின் பல ஆண்டு ஒயின்களை வரிசையாக வைப்பது ஒன்று. இதில் பருவநிலையின் பங்கு தெரியும். ஒரே ஆண்டின் பல நிலத்து ஒயின்களை வைப்பது மற்றொன்று. இதில் மண்ணின் பங்கு தெரியும். பல நேரம் பாட்டில்களைத் தாள் பையில் மறைத்து எண் மட்டும் எழுதுகிறார்கள். பெயரைப் பார்த்து நாக்கு ஏமாறக் கூடாது என்பதற்காக. வயல் ஆய்வில் நாங்கள் இரகப் பெயரை மறைத்துச் சமையல் தரச் சோதனை நடத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்தப் பழக்கத்தால் விவசாயிக்கு என்ன லாபம்? முதல் லாபம், நேரடி விற்பனை. சிறு தோட்டங்கள் பல, வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் இருப்பவர்களுக்கு நேராக விற்கின்றன. வில்லாமெட் பள்ளத்தாக்கில் மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் வரும் விடுமுறை வார இறுதிகளில், மற்ற நாட்களில் மூடியிருக்கும் சிறு ஆலைகளும் கதவைத் திறந்துவைப்பது நெடுநாள் வழக்கம். வருபவர் விளைவித்தவரிடமே பேசி, சுவைத்து, வாங்கிப் போகலாம். இரண்டாவது லாபம், மோசமான ஆண்டிலும் கைவிடாத வாடிக்கையாளர்.

ஆண்டு சரியில்லை என்றால்?

2011 வில்லாமெட் பள்ளத்தாக்கில் மிகக் குளிர்ந்த ஆண்டு. பூப்பு தள்ளிப்போனது. அறுவடை அக்டோபர் கடைசியைத் தாண்டி நவம்பர் வரை இழுத்தது. மழைக்கும் பறவைகளுக்கும் பழ அழுகலுக்கும் நடுவே பறித்தார்கள். அந்த ஆண்டு ஒயின்கள் மெலிதாகவும் புளிப்பாகவும் இருந்ததால் தொடக்கத்தில் வரவேற்பு குறைவு. ஆனால், வாங்கி வைத்திருந்தவர்கள் சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது அவற்றில் பல அழகாக மலர்ந்திருந்தன. அறுவடை ஆண்டிலேயே 'மோசம்' என்று எழுதிய தீர்ப்பைக் காலம் திருத்தியது.

2020 வேறு மாதிரி. செப்டம்பர் தொடக்கத்தில், பழம் பழுக்கும் நேரத்தில், ஓரிகனில் பெருங்காட்டுத்தீ மூண்டது. பள்ளத்தாக்கைப் புகை மூடியது. புகையில் உள்ள குவாயகால் போன்ற சேர்மங்கள் தோல் வழியே பழத்துக்குள் போய்ச் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும். பழத்தைத் தின்றால் தெரியாது. நொதிக்கும்போதும், பிறகு பாட்டிலிலும், குடிப்பவர் வாயிலும் பிணைப்பு உடைந்து சாம்பல் சுவை வெளிவரும். பல தோட்டங்கள் அந்த ஆண்டு சிவப்பு பினோ நுவாரே செய்யவில்லை. நெடுங்கால வாடிக்கையாளரின் நிலவறையில் பத்து ஆண்டு கழித்துச் சாம்பல் மணக்கும் பாட்டில் ஒன்றை விட்டுவைப்பதைவிட, ஓர் ஆண்டு வருமானத்தை இழப்பது மேல் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவருக்கு இது தவிர்க்க முடியாத செலவு.

நிலத்தையும் பெயரையும் காத்த விதிகள்

இவ்வளவும் தனிமனித உழைப்பால் மட்டும் நடந்துவிடவில்லை. 1973இல் ஓரிகன் மாநிலம் நிலப் பயன்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நகரங்கள் எந்த எல்லைவரை வளரலாம், அதற்கு அப்பால் எந்த நிலம் விவசாயத்துக்கே உரியது என்று வரையறுக்க அது வழி செய்தது. சரிவான குன்றுகள் தானியத்துக்கு உதவாது, வீட்டுமனைக்கு விடலாம் என்ற எண்ணம் அப்போது இருந்தது. லெட்டும் மற்ற முன்னோடித் திராட்சை விவசாயிகளும் எழுந்து, குன்றுகள்தான் எங்கள் வயல் என்று வாதாடினார்கள். அன்று அவர்கள் சும்மா இருந்திருந்தால் இன்று டண்டீ குன்றுகளில் வீடுகள்தான் விளைந்திருக்கும்.

அடுத்தது பெயர். 1970களிலேயே ஓரிகன் விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே கடுமையான விதியைக் கேட்டு வாங்கினார்கள். பாட்டிலில் ஓர் இரகத்தின் பெயரைப் போட, அமெரிக்க நடுவண் அரசு விதிப்படி 75 சதவீதம் அந்த இரகப் பழம் இருந்தால் போதும். ஓரிகனில் பினோ நுவார் என்று எழுத 90 சதவீதம் இருக்க வேண்டும். கலப்படம் செய்ய வாய்ப்புள்ளவர்களே அந்த வாய்ப்பை அடைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, ஆராய்ச்சியின் துணை. 1980களில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் விவசாயிகளும் சேர்ந்து முயன்று, பிரான்சிலிருந்து பினோ நுவாரின் தேர்ந்த குளோன் வகைகளைக் கொண்டுவந்தார்கள். 1990இல் ஃபைலோக்செரா என்ற வேர் உறிஞ்சும் பூச்சி ஓரிகனில் கண்டறியப்பட்டபோது, அதைத் தாங்கும் அடிச்செடியில் ஒட்டுக்கட்டி மறுநடவு செய்யும் வேலை தொடங்கியது. லெட் நட்டவை சொந்த வேரில் நின்ற குச்சிகள் என்பதால் முன்னோடிக் கொடிகளுக்கே ஆபத்து வந்தது. எந்தப் புகழும் வேர்ப்பூச்சியிடம் செல்லாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பினோ நுவாரை நம்மூரில் நட்டுப் பார்க்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்கு ஆண்டுதோறும் குளிர்கால உறக்கம் வேண்டும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கு அந்த உறக்கம் கிடையாது. கவாத்து செய்யச் செய்ய மறுபடி காய்க்கும் அந்தப் பன்னீர் திராட்சையின் வழி வேறு. உரிமம் இல்லாமல் ஒயின் செய்து விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது பழக்கங்களை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு என்பது கதவு மட்டும்தான். உள்ளே வந்தவர் மறுபடி வரவேண்டுமானால், எந்தத் தோட்டத்துப் பழம், எந்த மாதத்து அறுவடை என்று விளைவித்தவர் சொல்ல வேண்டும். வாங்கியவர் அதைச் சுவைத்துச் சரிபார்க்கும் வாய்ப்பு வேண்டும். பாரம்பரிய நெல், நாட்டுச்சர்க்கரை, மலைத்தேன், காப்பிக்கொட்டை எதுவானாலும் இது பொருந்தும்.

செலவில்லாமல் தொடங்கக்கூடியவை இவை:

மூட்டையின் மேல் இரகம், வயலின் பெயர், அறுவடை மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். சேமித்தால் கெடாத விளைபொருள் என்றால், ஒவ்வோர் அறுவடையிலும் சில கிலோவைத் தனியே எடுத்துவையுங்கள். மழை, நோய், அறுவடைத் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாடிக்கையாளர்களை அழைத்து, இரண்டு மூன்று ஆண்டு அரிசியைப் பெயர் மறைத்துச் சமைத்துப் போட்டுக் கருத்துக் கேளுங்கள். விரிவாக்க அலுவலர்கள் ஓர் உழவர் குழுவை வைத்து இதை நடத்திப் பார்க்கலாம். விளைவித்தவர் பேசுவதைவிட வாங்கியவர் தன் நாக்கால் கண்டுபிடித்ததற்கு மதிப்பு அதிகம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லெட்டுக்குக் காத்திருக்க ஒரு வேலை இருந்தது. கடன் தவணை கழுத்தைப் பிடிக்கும் விவசாயியிடம் பத்து ஆண்டு பொறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. முழு நிலத்தையும் இப்படி மாற்றச் சொல்லவில்லை. ஓர் ஓரத்தில், ஒரு பாத்தியில், ஒரு மூட்டையில் தொடங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

டேவிட் லெட் 2008இல் காலமானார். அதற்கு முன்பே, 2005இல், மகன் ஜேசன் பொறுப்பேற்றிருந்தார். தந்தை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவைத்த பழைய பாட்டில்கள் நிலவறையில் குவிந்திருந்தன. ஜேசன் அவற்றைத் திறந்து, மணந்து, சுவைத்து, கெட்டவற்றை விலக்கி, நல்லவற்றுக்குப் புதுத் தக்கை போட்டு மூடும் வேலையில் இறங்கினார். வெளியே சுவைஞர்களும் தங்கள் நிலவறையிலிருந்து 1970களின் பாட்டில்களை எடுத்துத் திறந்தார்கள். வெளிறியது, நீர்த்தது என்று ஏச்சு வாங்கிய அந்த ஒயின்களில் பல இன்னும் உயிரோடு இருந்தன.

அந்தத் தீர்ப்பு வர நாற்பது ஆண்டு ஆயிற்று. ஒதுக்கிவைத்த விவசாயியும், வாங்கி வைத்திருந்த வாடிக்கையாளரும் இல்லையென்றால் அது வந்தே இருக்காது.